விரிசலைத் தாங்கிய கார் நிறுத்துமிடம்

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் விரிசல் விழுந்தது தப்பில்லை. முப்பத்திரண்டு வருஷமாக, ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி அடித்த இரும்பு. ஒரு நாள் விட்டுத்தானே கொடுக்கும்? அதை ஃபிட்டர் எழுதி வைத்தார் பாருங்கள், அதுதான் தப்பு.

லாரிச் சக்கரத்துக்கான தட்டுகளை அடித்து எடுக்கும் பிரஸ் அது. இரண்டு பக்கமும் ஆள் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத தூண்கள். நடுவில் எண்ணூறு டன் பலத்தோடு அச்சு இறங்கும், ஏறும். எண்ணெய் விடப் போன ஃபிட்டர், இடது தூணில் இடுப்பு உயரத்தில் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஊதினார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். போகவில்லை.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தூணைத் துடைத்தார். ஈரம் போனதும் மேலே சாக்பீஸ் பொடியைத் தடவினார். இரண்டு நிமிஷம் காத்திருந்தார். விரிசல் குடித்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்பாகக் கோடு போட்டது. ஒரு சாண் நீளம்.

"என்ன மச்சான், தூணுக்குப் பவுடர் போடறீங்க? கல்யாணமா?"

பிரஸ் ஆபரேட்டர்தான் கேட்டான். ஃபிட்டரின் தங்கை புருஷன். எட்டு வருஷமாக ஒப்பந்தத்தில் வேலை; இந்த வருஷம் நிரந்தரமாகிவிடும் என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன்.

"பொண்ணு யாரு, அஞ்சாம் நம்பரா?"

"அது இதோட கூடப் பொறந்தது மாப்பிள்ளை. ஒரே வார்ப்பு, ஒரே வருஷம். விளையாடாதீங்க. இங்க வந்து பாருங்க."

மாப்பிள்ளை வந்து பார்த்தான். சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்தவன். சிரிக்கும்போதெல்லாம் வலது கையால் வாயை மூடிக்கொள்வான்.

"இதுக்கா? என் நெத்தியில இதைவிடப் பெரிய கோடு இருக்கு."

ஃபிட்டர் பிரஸ்ஸின் பதிவேட்டை எடுத்து எட்டே வார்த்தை எழுதினார். 'இடது தூணில் ஒரு சாண் விரிசல். பிரஸ்ஸை நிறுத்த வேண்டும்.'

நியாயமாகப் பார்த்தால் மறுநாள் காலையில் மேஸ்திரி வந்திருக்க வேண்டும், இல்லை வெல்டர் வந்திருக்க வேண்டும். வந்தது நாலாவது மாடியிலிருந்து அழைப்பு.

*

இருபத்தெட்டு வருஷ வேலையில் ஃபிட்டர் நாலாவது மாடியை மிதித்ததில்லை. அன்றும் மிதிக்க விடவில்லை. லிஃப்ட் கதவு திறந்ததும் ஓர் ஆபீஸ் உதவியாளர் பழைய செய்தித்தாள்களோடு நின்றிருந்தார். எண்ணெய்க் கறை கம்பளத்தில் படக் கூடாதாம். அவர் ஒவ்வொரு தாளாக விரிக்க விரிக்க, ஃபிட்டர் தாள் மேல் கால் வைத்து நடந்தார். பதினேழு தாளில் அறை வந்தது.

தலைமைக் கணக்கு அதிகாரி சுத்தமான மனிதர். பென்சில் சீவிய தூளைக்கூட உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைப்பவர். பக்கத்தில் ஒர்க்ஸ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கூட்டங்களில் தலையாட்டியே அந்தப் பதவிக்கு வந்தவர், அன்றைக்கும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "இல்ல, வேண்டாம். நாற்காலி புதுசு. நின்னே பேசலாம்."

"சார், வெல்டிங் வெச்சுப் பிரயோஜனமில்லை. தூணையே மாத்தணும்."

"தூண் கிடக்கட்டும். நீங்க எழுதினதைப் பத்திப் பேசுவோம். நம்ம கணக்குல நாலாம் நம்பர் பிரஸ்ஸோட மதிப்பு என்ன தெரியுமா? எட்டுக் கோடி."

"முப்பத்திரண்டு வருஷப் பழசுக்கா சார்?"

"நாலு வருஷம் முன்னாடி பெயின்ட் அடிச்சோமே. அப்ப ஏத்திட்டோம்."

ஒர்க்ஸ் மேனேஜர் தலையாட்டினார்.

"இப்ப கேளுங்க. ஒரு இயந்திரம் கணக்குல இருக்கற மதிப்புக்குப் பெறாதோன்னு சந்தேகப்பட ஒரே ஒரு அறிகுறி கிடைச்சாலும் நாங்க சோதனை போட்டாகணும். விதி. சோதனையில தேறலைன்னா, எவ்வளவு குறையுதோ அவ்வளவும் இந்த வருஷ நஷ்டம். கணக்காண்டு முடிய மூணு வாரம் இருக்கு. இந்த வருஷ லாபம் எவ்வளவுன்னு வங்கிக்குச் சொல்லியாச்சு."

"வருஷமே இன்னும் முடியலையே சார்?"

"அதனாலதான் இந்த மூணு வாரமும் எதுவும் நடக்கக் கூடாது."

அதிகாரி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். குரலில் கோபமே இல்லை. வகுப்பு எடுப்பவர் போல, பொறுமையாகச் சொன்னார்.

"விரிசலை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு இருந்திருக்கு. ஆறு மாசமா, ஒரு வருஷமா, யாருக்குத் தெரியும்? அது சும்மா இருந்த வரைக்கும் நிறுவனத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நீங்க பேனாவை எடுத்தீங்க, எட்டுக் கோடி ஆடுது. இப்ப நீங்களே சொல்லுங்க. பிரஸ்ஸுக்கு ஆபத்து விரிசலாலயா, உங்களாலயா?"

ஃபிட்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"சோதனை முடியற வரைக்குமாவது பிரஸ்ஸை நிறுத்தி வெக்கலாமா சார்?"

"நிறுத்தினா அது ரெண்டாவது அறிகுறி. தவிர, சோதனைங்கறதே அது ஓடி எவ்வளவு சம்பாதிக்கும்னு பார்க்கறதுதான். நின்ன பிரஸ்ஸை எப்படிச் சோதிக்கறது?"

"அதுல என் தங்கச்சி புருஷன் வேலை பார்க்கறார் சார். கை அச்சுக்குள்ள போய்ப் போய் வரும்."

அதிகாரியின் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது. "நிரந்தர ஊழியரா?"

"ஒப்பந்தம் சார்."

"அப்பாடா" என்றார் அதிகாரி. "அப்ப அவர் நம்ம கணக்குலயே வரலை."

*

மதிப்புக் குறைவுச் சோதனைக் குழு மறு வாரம் கூடியது. ஃபிட்டரைத் தொழில்நுட்ப சாட்சி என்று அழைத்திருந்தார்கள். செய்தித்தாள் புதுசாக விரித்திருந்தது.

"பிரஸ் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

"வருஷமா? சார், விரிசலோட ரெண்டு முனையிலயும் குறி வெச்சிருக்கேன். ஒரு வாரத்துல ரெண்டு விரல் வளந்திருக்கு."

"வளர்ச்சி உண்டுன்னு எழுதிக்கங்க" என்றார் அதிகாரி, தட்டச்சுப் பெண்ணிடம். "ஆயுள் பதினேழு வருஷம்."

"பதினேழு எங்கேருந்து சார் வந்துச்சு?"

"பதினாறு போட்டுப் பார்த்தோம். தொகை வரலை."

பதினேழு போட்டும் வரவில்லை. பிரஸ் பதினேழு வருஷம் மூச்சுவிடாமல் அடித்தாலும் எட்டுக் கோடிக்கு ஈடாகவில்லை. அப்போதுதான் அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். தனியாகச் சம்பாதிக்க முடியாத இயந்திரத்தை, அது யார் யாரோடு சேர்ந்து சம்பாதிக்கிறதோ அவர்களோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

தட்டைச் சூடாக்க உலை வேண்டும். உலையைச் சேர்த்தார்கள். உலை ஏற்கெனவே நஷ்டம். தட்டைத் தூக்கக் கிரேன் வேண்டும். சேர்த்தார்கள். பெயின்ட் அடிக்கும் பிரிவு, தர ஆய்வு, சரக்குக் கிடங்கு எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஆள் சாப்பிடாமல் பிரஸ் ஓடுமா? கேன்டீனும் வந்தது. எதைச் சேர்த்தாலும் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போனது.

அப்போது ஒர்க்ஸ் மேனேஜர் வாயைத் திறந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"கார் நிறுத்துமிடம்?"

எல்லோரும் திரும்பினார்கள். ஆலையின் பின்பக்கக் காலி மனையைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கார் நிறுத்த வாடகைக்கு எடுத்திருந்தார்கள். செலவில்லாத வரவு. கேன்டீனுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆகவே பிரஸ்ஸும் கேன்டீனும் கார் நிறுத்துமிடமும் ஒரே குழுமம்.

கூட்டினார்கள். தேறியது.

கைதட்டினார்கள். ஃபிட்டரும், எல்லோரும் தட்டுகிறார்களே என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

"புரியுதா?" என்றார் அதிகாரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "விரிசல் விட்ட இடத்தைக் கார் நிறுத்துமிடம் தாங்கிக்குது. நாலாம் நம்பர்ல குறைவே இல்லை."

'மதிப்புக் குறைவு இல்லை' என்று சான்றிதழ் அச்சாகி வந்தது. சந்தேகம் எழுந்த இடத்திலேயே அதைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஒரு துணைவிதி இருந்தது. ஆகவே அதைக் கொண்டுவந்து இடது தூணில், விரிசல் மேலேயே, நன்றாகப் பசை தடவி ஒட்டினார்கள்.

ஐந்தாம் நாள் சான்றிதழ் குறுக்கே கிழிந்திருந்தது. யாரும் கிழிக்கவில்லை. கீழிருந்து மேலாக, விரிசலின் வழியே, அதுவே கிழிந்திருந்தது.

உடனே விசாரணை வைத்தார்கள், நிறுவனத்தின் ஆவணத்தைச் சேதப்படுத்தியது யார் என்று. மூன்று பேரின் கைநகத்தைப் பரிசோதித்தார்கள். பிறகு, இழுத்தாலும் கிழியாத பிளாஸ்டிக் உறை போட்டு, அதே இடத்தில் இன்னொரு சான்றிதழை ஒட்டினார்கள்.

*

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தர ஊழியர் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும் அன்று ஒரு சிவப்புப் பூட்டு தருவார்கள். பூட்டில் அவர் எண் இருக்கும், ஒரே சாவி. பழுது பார்க்கக் கையை உள்ளே விடுமுன், இயந்திரத்தின் மின் இணைப்பில் அந்தப் பூட்டைப் போட்டுவிட வேண்டும். பூட்டியவர் வேலையில் இருக்கும் வரை அவரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஆலை முழுவதுக்குமான காப்பீடு செல்லாது. இது காப்பீட்டு நிறுவனம் போட்ட நிபந்தனை. நாலாவது மாடியே பயப்படும் ஒரே நிபந்தனை.

ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பூட்டு கிடையாது.

கணக்காண்டு முடிய ஏழு நாள் இருக்கும்போது ஃபிட்டர் தன் பூட்டை எடுத்தார். நாலாம் நம்பரின் மின் பெட்டியில் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். ஷெட்டில் பாதிச் சத்தம் நின்றது.

"மச்சான், என் கூலி..." என்றான் மாப்பிள்ளை. அடித்த தட்டுக்குத்தான் அவனுக்குக் காசு.

"உங்க கூலியை நான் தரேன். போய்ப் படுத்துத் தூங்குங்க."

நாலாவது மாடியில் அவசரக் கூட்டம் நடந்தது. பிரஸ் நின்றது வெளியே தெரிந்தால் அறிகுறி. ஆகவே பிரஸ் நிற்கவில்லை என்று முடிவானது. பூட்டிக் கிடந்த அந்த ஆறு நாளில் நாலாம் நம்பர் இருபத்திநாலாயிரம் தட்டுகள் அடித்ததாகப் பதிவாயிற்று. தரமும் முன்னைவிட உயர்ந்திருந்தது. ஒரு தட்டுகூடப் பழுது என்று திரும்பி வரவில்லை.

ஏழாம் நாள், அதாவது ஆண்டின் கடைசி நாள், ஃபிட்டருக்கு மறுபடி அழைப்பு. இந்த முறை உட்காரச் சொன்னார்கள். நாற்காலிக்கும் செய்தித்தாள் போட்டிருந்தது.

"எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் அதிகாரி. ஃபிட்டருக்கு நெஞ்சு லேசாயிற்று. "கார் நிறுத்துமிடம் வரைக்கும் சேர்த்த நாங்க, பிரஸ்ஸைப் பராமரிக்கற ஆளைச் சேர்க்க மறந்துட்டோம். நேத்து சேர்த்துப் பார்த்தோம். குறைவு எங்க இருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. பிரஸ்ல இல்லை. உங்ககிட்ட."

"எனக்கு ஐம்பத்திநாலுதான் ஆகுது சார்."

"பிரஸ்ஸுக்கு முப்பத்திரண்டு. நீங்களே சொல்லுங்க, ரெண்டுல யாருக்கு வயசு அதிகம்?"

கேட்டுவிட்டு அதிகாரி விதிப் புத்தகத்தில் விரலை வைத்தார்.

"பிரஸ்ஸுக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கு. உங்களுக்கு அவ்வளவு தர எங்க விதியில இடமில்லை."

அரை மணியில் பிரிவு உபசாரம். ஒர்க்ஸ் மேனேஜர் இரண்டாவது தடவையாக வாயைத் திறந்து, "நம்ம ஃபிட்டர் இந்த ஆலையோட தூண்" என்று பேசினார். ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு ஃபிட்டர் ஊழியர் இல்லை. ஐந்து ஐந்துக்கு அவர் பூட்டு யாருக்கும் சொந்தமில்லாத இரும்புத் துண்டு. ஐந்து பத்துக்கு நீளக் கைப்பிடி வெட்டுக்கருவியோடு இரண்டு பேர் வந்தார்கள்.

*

ஃபிட்டருக்குப் பெண்டாட்டி இல்லை. போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அன்று முதல் சாப்பாடு தங்கை வீட்டில்தான். அவளுக்குத் தையல் வேலை. துணியில் ஒரு நூல் விலகினாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

"நாளைக்குப் போகாதீங்க மாப்பிள்ளை."

"நாலு நாள் போகலைன்னா பேரை அடிச்சுடுவாங்க மச்சான். எட்டு வருஷம் ஓட்டியாச்சு. இந்த வருஷம் நிரந்தரம் பண்றதா மேனேஜரே தலையாட்டியிருக்கார்."

"அந்த ஆள் எதுக்குத்தான் ஆட்டலை?" என்றாள் தங்கை, தட்டில் சோற்றைப் போட்டபடி. "அண்ணா சொல்றதைக் கேளுங்களேன்."

"உங்க அண்ணா சொல்றதைக் கேட்டா சிரிப்புத்தான் வருது. பிரஸ்ஸைக் கார் நிறுத்துமிடம் தாங்குதாம்ல!"

வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, புரையேறும் வரை சிரித்தான். தங்கை அவன் தலையில் தட்டிக்கொண்டே, சிரிக்காமல், அண்ணனைப் பார்த்தாள்.

புது ஆண்டின் முதல் நாள் மாப்பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தான். வாசலிலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"எண்ணிக்கங்க மச்சான். பத்து விரலும் இருக்கு."

இரண்டாம் நாள் மதியம், ஆலைச் சுவருக்கு அடுத்த தெருவில், தன் வீட்டுச் சுவரில் ஃபிட்டர் கடிகாரம் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியலால் ஓர் அடி அடித்தார். பதிலுக்கு எங்கிருந்தோ ஓர் அடி கேட்டது. ஜன்னல் கண்ணாடி ஆடியது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

பிறகுதான் ஆலையின் அபாயச் சங்கு ஊதியது.

அதே நேரம் ஒர்க்ஸ் மேனேஜர் மூச்சிரைக்க நாலாவது மாடிக்கு ஓடினார். அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று.

"இன்னிக்குத் தேதி என்ன?"

"ரெண்டு சார்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல வேளை."

*

மாப்பிள்ளையின் வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். உயிர் மிச்சம். அவனைச் சேர்த்திருந்தது பக்கத்து ஆஸ்பத்திரியில்தான். அந்த மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நல்ல வருமானம்.

பத்தாம் நாள் ஃபிட்டரையும் தங்கையையும் மேலே அழைத்தார்கள். உதவியாளர் தாள் விரித்தார். ஃபிட்டர் பழக்கத்தில் தாள் மேலேயே நடந்தார். தங்கை தாளை ஒதுக்கிவிட்டுக் கம்பளத்தில் நேராக நடந்தாள்.

மேஜையில் ஒரு படிவம் இருந்தது. ஒரே ஒரு கட்டம்: 'விரிசல் முதன்முதலாகத் தெரிந்த தேதி.'

"ரெண்டாம் தேதின்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார் அதிகாரி.

"பதிவேட்டுல எழுதியிருக்கேனே சார், அதுக்கு மூணு வாரம் முன்னாடியே?"

"அது போன வருஷப் பதிவேடு. மூடி, கட்டி, பெட்டகத்துல வெச்சாச்சு. கேளுங்க. விரிசல் போன வருஷமே தெரியும்னா, போன வருஷக் கணக்கைத் திறந்து திருத்தணும். அது மட்டுமில்ல. தெரிஞ்சும் ஓட்டினது யாரு? உங்க மாப்பிள்ளை. தெரிஞ்சே ஓட்டினவருக்கு நிறுவனம் எதுவும் தர முடியாது. ரெண்டாம் தேதிதான் தெரிஞ்சுதுன்னா, யாருக்கும் தெரியாம நடந்த விபத்து. அனுதாபம் காட்ட வழி இருக்கு."

ஃபிட்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை அதிகாரியைப் பார்த்தாள்.

"என்ன தருவீங்க?"

"ஒரு தொகை. ஆனா மொத்தமா கொடுத்தா இந்த வருஷ லாபம் அடிபடும். அதுதான் யோசனையா இருக்கு."

"தொகை வேண்டாம் சார். வேலை கொடுங்க. எனக்கு. நிரந்தரமா."

அதிகாரியின் கண் மின்னியது. விதிப் புத்தகம் தானாகத் திறந்துகொண்டது போல இருந்தது.

"வேலையா! அப்ப இதைப் பதினஞ்சு வருஷச் சம்பளமாப் பிரிச்சு எழுதிடலாம். வருஷத்துக்கு ஒரு சின்னத் துணுக்கு. கண்ணுக்கே தெரியாது." பிறகு முகம் சுருங்கியது. "ஆனா நடுவுல உங்களை நீக்க முடியும்னு இருந்தா பிரிக்க முடியாது. தணிக்கைக்காரர் ஒத்துக்க மாட்டார்."

"அப்ப நீக்க முடியாதுன்னு எழுதிடுங்க."

"எழுதிடறேன். பதினஞ்சு வருஷத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது. மீறி நீக்கினா மிச்சச் சம்பளம் மொத்தமும், இருபது மடங்கு இழப்பீட்டோட, அன்னிக்கே நஷ்டமா எழுதணும். போதுமா? இவ்வளவு கடுமையா எழுதினாத்தான் நம்புவாங்க."

தானே சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யவைத்து, தானே கையெழுத்துப் போட்டார். மிகவும் திருப்தியாக இருந்தார்.

"போடு அண்ணா" என்றாள் தங்கை.

எட்டு வார்த்தையை நேராக எழுதிய கை, ஓர் எண்ணை எழுதியது. 2. அது கொஞ்சம் கோணலாக வந்தது.

நாலாம் நம்பர் பழைய இரும்பாக லாரி ஏறியது. எட்டுக் கோடியை ஒரே வரியில் எழுதித் தள்ளினார்கள். புது வருஷம் முழுசாக முன்னால் கிடந்தது. நஷ்டத்தை வைக்க நிறைய இடம் இருந்தது. கார் நிறுத்துமிடம் இனி அஞ்சாம் நம்பரோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது.

*

தங்கைக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து அஞ்சாம் நம்பரில் நிறுத்தினார்கள். எட்டு வருஷம் புருஷன் கண்ட கனவு, நிரந்தர ஊழியர் அட்டை, அவள் கழுத்தில் தொங்கியது. கூடவே ஒரு சிவப்புப் பூட்டு.

முதல் நாள் கிளம்பும்போது ஃபிட்டர் ஒரு பொட்டலம் கொடுத்தார். சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், ஒரு துணி, சாக்பீஸ் பொடி.

"இடுப்பு உயரத்துல பாரு. இடது பக்கம் முதல்ல."

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது கையெல்லாம் வெள்ளைப் பொடி. மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் சட்டைப் பொத்தான் போட அன்றைக்கு நாலாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவன் வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிருந்தது.

"இருந்துச்சா?" என்றார் ஃபிட்டர்.

"முக்கால் சாண் அண்ணா."

ஃபிட்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "எழுதினியா?"

"எழுதலை. எழுதினா குழு உட்காரும். பூட்டைப் போட்டுட்டேன்."

"கூப்பிட்டிருப்பாங்களே?"

"ரெண்டு மணிக்கே கூப்பிட்டாங்க. பூட்டை எடுங்கறார் அந்தக் கணக்கு அதிகாரி. சாவி தொலைஞ்சுபோச்சுன்னேன். உடைக்கறோம்னார். உடைங்க சார், நான் வேலையில இருக்கற வரைக்கும் உடைச்சா காப்பீடு போயிடும்னு நீங்களே போர்டு மாட்டியிருக்கீங்களேன்னேன். அப்ப உன்னை நீக்கறேன்னு கத்தினார். நீக்குங்க சார்னேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். பிரஸ்ஸோட நஷ்டத்தைவிட நான் பெரிய நஷ்டம் அண்ணா. ரெண்டு தடவை போட்டும் அதேதான் வந்துச்சு. மேனேஜர் தலையாட்டறதைக்கூட நிறுத்திட்டார்."

ஃபிட்டர் கேட்டார்.

"சாவி நிஜமாவே தொலைஞ்சுதா?"

"கார் நிறுத்துமிடத்துச் சாக்கடையில போட்டேன்" என்றாள் தங்கை, கையைக் கழுவிக்கொண்டே. "அதுதானே அண்ணா பிரஸ்ஸைத் தாங்குது?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருவரும் பயந்து திரும்பினார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

உடைந்த பல் தெரிகிறதே என்று பழக்கத்தில் வாயை மூடப் போனான். வலது தோள் மட்டும் ஒரு முறை எழும்பி, இறங்கியது.